டெக்சஸ் குடியேறிகளின் மனக்குறை எந்தக் கட்டத்தில் விடுதலைப் போராக மாறியது?

பெரம்பூர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி நூலகத்தில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்தில், வரும் ஞாயிற்றுக்கிழமை டெக்சஸ் விடுதலைப் போரைப் பற்றி அரை மணி நேரம் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அலமோ கோட்டை முற்றுகையையும் போரை முடித்துவைத்த சான் ஹசிந்தோ வெற்றியையும் பற்றிப் படிப்பதற்கு நிறையவே கிடைக்கிறது. எனக்குப் பிடிபடாதது அதற்கு முந்தைய பகுதிதான். அன்று டெக்சஸை ஆண்ட மெக்சிகோ அரசின் அனுமதியோடு, ஏறக்குறைய இலவசமாகவே நிலம் பெற்று, மெக்சிகோவின் குடிமக்களாகவும் கத்தோலிக்கர்களாகவும் இருப்போம் என்று ஒப்புக்கொண்டு அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள், 15 ஆண்டுகளுக்குள் அதே அரசை எதிர்த்து ஆயுதம் எடுத்தது எப்படி? வரி, மதம், அடிமை முறை, சர்வாதிகாரம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். இவற்றுள் எது எதைத் தூண்டியது என்று வரிசைப்படுத்திச் சொல்ல முடிந்தால் உதவியாக இருக்கும்.

எழும்பூர் பழஞ்சுவடி

வணக்கம் நண்பரே. முதலில் மெக்சிகோ ஏன் அவர்களை அழைத்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். 1821-இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற அந்நாட்டின் வட எல்லையில் மக்கள் மிகக் குறைவு. கோமாஞ்சி பழங்குடியினரின் தாக்குதலும் ஓயவில்லை. ஆட்களைக் குடியேற்றினால்தான் நிலம் நிலைக்கும் என்று அரசு கணக்கிட்டது. மறுபக்கம் அமெரிக்காவில் 1819-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின், அரசு நிலத்தை ஏக்கருக்கு 1.25 டாலர் ரொக்கமாகக் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. டெக்சஸிலோ, கால்நடை வளர்ப்பதாகச் சொன்ன ஒரு குடும்பத்துக்குச் சிறு கட்டணத்தில் 4,428 ஏக்கர் கிடைத்தது. இந்த வேறுபாடு ஒன்றே மக்களை ஆயிரக்கணக்கில் இழுத்து வரப் போதுமானதாக இருந்தது.

தந்தை மோசஸ் ஆஸ்டின் பெற்ற அனுமதியைக் கொண்டு ஸ்டீபன் ஆஸ்டின் முதல் 300 குடும்பங்களைக் குடியேற்றியபோது பெரிய உரசல் எதுவும் இல்லை. 1824-இல் வந்த அரசியலமைப்பு மாநிலங்களுக்கு நிறைய அதிகாரம் கொடுத்தது. ஆனால் டெக்சஸைத் தனி மாநிலமாக்காமல் அண்டைப் பகுதியான கோவாவீலாவோடு சேர்த்துவிட்டார்கள். தலைநகரான சால்டில்லோ நெடுந்தொலைவில் இருந்தது. முதல் மனக்குறை இங்கேதான் பிறந்தது.

அடுத்து, எல்லையைப் பார்வையிட 1828-இல் அனுப்பப்பட்ட தளபதி மியர் இ டெரான், கிழக்கு டெக்சஸில் நாகடோச்சஸ் ஊர்ப் பக்கம் மெக்சிகோவின் செல்வாக்கு அறவே தேய்ந்துவிட்டதைக் கண்டு எச்சரித்தார். அதன் விளைவுதான் அமெரிக்காவிலிருந்து மேலும் எவரும் குடியேறக் கூடாது என்ற 1830 ஏப்ரல் 6-ஆம் தேதிச் சட்டம். முதலில் வந்தவர்களுக்கு அளித்திருந்த சுங்க வரிச் சலுகையும் அந்தச் சமயத்தில்தான் முடிவுக்கு வந்தது. புதிய காவல் நிலைகள் எழுந்தன. சுங்க அதிகாரிகள் வந்தார்கள். அனாஹுவாக் துறைமுகத்தில் மெக்சிகோ படையின் தளபதி பிராட்பர்ன், வில்லியம் டிராவிஸ் என்ற இளம் வழக்கறிஞரைச் சிறையில் அடைத்தபோது 1832-இல் கலகமே மூண்டது. அந்தக் கலகக்காரர்கள் வெளியிட்ட தீர்மானம், தாங்கள் மெக்சிகோவை எதிர்க்கவில்லை என்றும், 1824 அரசியலமைப்பைக் காக்கப் போராடும் மெக்சிகோ தளபதி சாந்தா அன்னாவின் பக்கமே நிற்கிறோம் என்றும் கூறியது. நான்கே ஆண்டுகளில் அவர்கள் போர்க்களத்தில் எதிர்கொண்டது அதே சாந்தா அன்னாவைத்தான்.

திருவான்மியூர் வரலாற்று மாணவி

பழஞ்சுவடி ஐயாவின் விளக்கத்தில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த 4,428 ஏக்கரில் உழைத்தது யார் என்ற கேள்வியை எழுப்பாமல் டெக்சஸைப் பேச முடியாது. குடியேறியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து, பருத்தி பயிரிடும் எண்ணத்தோடு, அடிமைகளுடன் வந்தவர்கள் அல்லது அடிமைகளை வாங்க விரும்பியவர்கள். 1829-இல் அதிபர் கெரேரோ நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டபோது டெக்சஸுக்கு விலக்குப் பெறப்பட்டது. அதற்கு முன்னரே, அடிமைகளை 99 ஆண்டு ஒப்பந்தக் கூலிகள் என்று தாளில் காட்டும் வழக்கம் வந்துவிட்டது. 1832-இல் மாநில அரசு அத்தகைய ஒப்பந்தங்களுக்குப் 10 ஆண்டு வரம்பு விதித்தது. நிலம் தருகிறது, ஆனால் நிலத்தில் உழைக்க வைத்திருப்போரை எந்நேரமும் விடுவித்துவிடக்கூடும் என்ற ஐயத்தோடுதான் அவர்கள் அந்த அரசைப் பார்த்தார்கள்.

1836-இல் எழுதப்பட்ட டெக்சஸ் குடியரசின் அரசியலமைப்பைப் படித்துப் பாருங்கள். அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே இல்லை. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இன்றி அங்கே நிரந்தரமாக வசிக்கவும் கூடாது. விடுதலைக்குப் பின் ஒரு நாடு முதலில் எதைப் பூட்டிப் பாதுகாக்கிறதோ, அது போருக்கு முன்பும் அதன் மனத்தில் இருந்ததுதான் என்று கொள்வதே நியாயம் என்பது என் கருத்து.

அடையாறு ஓய்வுபெற்ற ஆசிரியர்

தங்கை சொல்வது மறுக்க முடியாதது. ஆயினும் அது ஒன்றே போரின் நேரத்தை விளக்கிவிடாது. மத்திய ஆட்சிக்கு எதிராக அதே காலத்தில் எழுந்த மெக்சிகோவின் சகாடேகாஸ் மாநிலத்தில் ஆங்கிலேய வழிவந்த குடியேறிகளும் இல்லை, பருத்தித் தோட்ட அடிமை முறையும் இல்லை. 1834-இல் கட்சி மாறி அதிகாரத்தை மையப்படுத்தத் தொடங்கிய அதிபர் சாந்தா அன்னா, 1835 மே மாதம் சகாடேகாஸை நசுக்கித் தலைநகரைச் சூறையாட விட்டார். அடுத்தது நாம்தான் என்ற அச்சம் டெக்சஸில் பரவியது அதனால்தான். தனி மாநில மனுவோடு 1833-இல் மெக்சிகோ நகருக்குச் சென்ற ஆஸ்டினை, அவர் எழுதிய ஒரு கடிதத்துக்காகக் கைதுசெய்து நீண்ட காலம் சிறைவைத்ததும் மிதவாதிகளின் வாயை அடைத்துவிட்டது. சமாதானம் பேசி வந்த ஒரே ஆளைச் சிறையில் தள்ளியதைவிடப் பெரிய அரசியல் தவறு இந்த வரலாற்றில் வேறு இல்லை என்பேன்.

போர் தொடங்கிய விதத்தை உங்கள் பேச்சில் சற்று விரித்தே சொல்லலாம். கோமாஞ்சி தாக்குதலைத் தடுக்க 1831-இல் கான்சலஸ் ஊருக்கு அரசு ஒரு சிறு பீரங்கியை இரவலாகக் கொடுத்திருந்தது. 1835 செப்டம்பரில் அதைத் திருப்பி வாங்கிவர சுமார் 100 குதிரை வீரர்கள் அனுப்பப்பட்டார்கள். குவாடலூப் ஆறு பெருக்கெடுத்து ஓடியது. ஊரார் படகுகளையெல்லாம் தம் கரைக்கு இழுத்துக்கொண்டு, பீரங்கியை ஒரு பீச் பழத்தோட்டத்தில் புதைத்துவிட்டு, ஊர்த்தலைவர் வெளியூர் போயிருக்கிறார் என்று சாக்குச் சொல்லிக் காலம் கடத்தினார்கள். அதற்குள் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் திரண்டுவிட்டார்கள். பிறகு பீரங்கியைத் தோண்டியெடுத்துச் சக்கரத்தில் ஏற்றி, வந்து எடுத்துக்கொள் என்று எழுதிய கொடியோடு, அக்டோபர் 2 அன்று மூடுபனியில் அவர்களே முதலில் தாக்கினார்கள். சண்டை என்று பார்த்தால் அது மிகச் சிறியது. ஆனால் அதன்பின் திரும்பிப் போக வழி இல்லை.

அப்போதும் அவர்கள் விடுதலை கேட்கவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். நவம்பரில் சான் பெலிப்பேயில் கூடிய குடியேறிகளின் பேரவை, விடுதலைத் தீர்மானத்தைத் தள்ளிவிட்டு, 1824 அரசியலமைப்புக்காகவே போராடுவதாக அறிவித்தது. டிசம்பரில் சான் அந்தோணியோவில் மெக்சிகோ தளபதி கோஸ் சரணடைந்தார். இடைப்பட்ட குளிர்காலத்தில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. மெக்சிகோவின் உள்ளே இருந்த கூட்டாட்சி ஆதரவாளர்கள் எதிர்பார்த்தபடி கிளர்ந்தெழவில்லை. அமெரிக்காவிலிருந்து தொண்டர்களும் பணமும் வரத் தொடங்கின. 1824 அரசியலமைப்புக்காக உயிரைக் கொடுக்க அந்தத் தொண்டர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆஸ்டினே மனம் மாறிவிட்டார். 1836 மார்ச் 2 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டபோது அலமோ முற்றுகை நடந்துகொண்டிருந்தது. ஆகவே கான்சலஸுக்கும் மார்ச் 2-க்கும் இடையிலான ஐந்து மாதங்களே நீங்கள் தேடும் கட்டம்.

பெரம்பூர் வாசகர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி: அங்கேயே தலைமுறைகளாக வாழ்ந்த ஸ்பானிய மொழி பேசும் தெஹானோ மக்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்?

எழும்பூர் பழஞ்சுவடி

இரு பக்கமும் நின்றார்கள். அலமோவில் இறந்த கிரிகோரியோ எஸ்பார்சாவின் உடன்பிறந்தவர் பிரான்சிஸ்கோ மெக்சிகோ படையில் பணியாற்றியவர். அந்த உறவின் பெயரால் அனுமதி பெற்றே அவர் தம் சகோதரரின் உடலைப் புதைத்தார். மற்றப் போராளிகளின் உடல்கள் எரிக்கப்பட்டன. விடுதலை அறிவிப்பில் கையெழுத்திட்டவர்களில் டெக்சஸ் மண்ணிலேயே பிறந்தவர்கள் நவாரோ, ருயிஸ் என்ற இரு தெஹானோக்கள் மட்டுமே. மெக்சிகோவின் யுகட்டானில் பிறந்த லொரென்சோ த சவாலா இடைக்காலத் துணை அதிபரானார். இவர்களுக்கு 1824 அரசியலமைப்பு என்பது வெறும் போர்வையல்ல, உண்மையான இலட்சியம். சான் ஹசிந்தோவில் ஏப்ரல் 21 அன்று, சுமார் 18 நிமிடங்களில் முடிந்த அந்தத் தாக்குதலில், ஹுவான் செகீன் ஒரு தெஹானோ படைப்பிரிவை நடத்திச் சென்றார். பின்னர் சான் அந்தோணியோவின் மேயராகவும் இருந்த அவர், புதிதாக வந்து குவிந்த அமெரிக்கர்களின் பகையைத் தாங்க முடியாமல் 1842-இல் மெக்சிகோவுக்கே தப்பிச் செல்ல நேர்ந்தது. நேரம் இருந்தால் செகீனின் கதையைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவி எழுப்பிய கேள்வியையும் ஆசிரியர் ஐயா சொன்ன ஐந்து மாத மாற்றத்தையும் அவர் ஒருவரின் வாழ்க்கையை வைத்தே அவையோருக்கு விளக்கிவிட முடியும்.