லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்பது தோட்ட வேலைதானா?

கேள்வி (கானாடுகாத்தான்): பி.ஆர்க் (கட்டடக்கலை இளநிலைப் பட்டம்) முடிக்கவிருக்கும் என் மகள், மேற்படிப்பாக லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரை (திறந்தவெளி நில வடிவமைப்பை) தேர்ந்தெடுக்க விரும்புகிறாள். புல்தரை போடுவதற்கு இத்தனை படிப்பா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: ஐயா, 1858-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும்தான் இத்தொழிலுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள். பின்னர் போஸ்டனில் வெள்ளத்தையும் கழிவுநீரையும் சமாளிக்கவே ஓம்ஸ்டெட் ஒரு சதுப்புப் பூங்காவை அமைத்தார். அழகு அதற்கு அடுத்துத்தான். 1900-இல் ஹார்வர்டில் இது தனிப் படிப்பாயிற்று. இன்று மழைநீர் வடிகால், ஆற்றங்கரை, கைவிடப்பட்ட சுரங்க நிலம் எல்லாம் இத்துறையினர் கைக்கு வருகின்றன.

பதில் 2: நம் ஊர் அமைப்பையே பாருங்கள். ஓட்டுச் சரிவில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியே ஊருணிக்குப் போகுமாறு தெருமட்டத்தை அமைத்தவர்கள் நம் முன்னோர். இப்போது ஊருணிக்கு நீர் வரும் வரத்துக்காலை மறித்து சிமெண்ட் தளம் போட்டுவிட்டு, ஊருணி வறண்டதென்று புலம்புகிறோம்!

பதில் 3: முதுநிலைப் படிப்பு டெல்லி எஸ்.பி.ஏ.வில் (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) உண்டு. மகள் மண், நீரோட்டம், உள்ளூர் மரங்கள் ஆகியவற்றை இப்போதே கவனித்துப் பழகட்டும்.