சிங்கப்பூர் சர்வீஸ் அபார்ட்மென்ட்: 5 இரவு கேட்டால் 'இல்லை', 7 கேட்டால் 'இருக்கு', ஏன்?

வைகைக்கரை:
வணக்கம். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், 4 வயசுக் குழந்தை. லிட்டில் இந்தியா, ஃபாரர் பார்க் பக்கம் சமையலறையோடு இரண்டு படுக்கையறை தேடுகிறோம். அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்காது. 5 இரவுக்குத் தேடினால் பாதி இடம் காலியில்லை என்கிறது. அதே தேதியிலிருந்து 7 இரவு போட்டால் கிடைக்கிறது. தனியார் காண்டோ (அடுக்குமாடி வீடு) ஒன்றை 5 நாளுக்குக் குறைந்த விலையில் தருவதாகச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? ஓர் இரவுக்கு 260 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 'பிளஸ் பிளஸ்' என்றால் மொத்தம் எவ்வளவு? குக்கர் எடுத்து வரலாமா?

தேக்கா வாசி:
காண்டோ வேண்டவே வேண்டாம். அங்கே தனியார் வீட்டைக் குறைந்தது 3 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம், வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீடு என்றால் 6 மாதம். அதற்குக் குறைத்து விடுவது சட்டமீறல். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் பெட்டியும் குழந்தையுமாக நடுராத்திரி வேறு இடம் தேட வேண்டிவரும்.

சர்வீஸ் அபார்ட்மென்டாக அனுமதி பெற்ற இடங்களுக்குக் குறைந்தது 7 இரவு என்று விதி. உங்கள் தேடலில் வருவது அதுதான். ஹோட்டல் உரிமத்தோடு சமையலறையும் வைத்திருக்கும் இடங்கள் ஒரு இரவுக்கும் தரும். 'அபார்ட்மென்ட் ஹோட்டல்' என்று தேடுங்கள், ஐந்து பேருக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

'பிளஸ் பிளஸ்' கணக்கு: முதலில் 10% சேவைக் கட்டணம், அது சேர்ந்த தொகை மேல் 9% ஜிஎஸ்டி. 260 × 1.10 × 1.09 = 311.74 வெள்ளி. 5 இரவுக்கு 1,558.70. விமான நிலையத்தில் வரி திரும்பக் கிடைப்பது வாங்கிய பொருளுக்குத்தான், அறை வாடகைக்குக் கிடையாது. செக்-இன் செய்யும்போது கார்டில் முன்பணம் பிடித்துவைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் விடுவிக்கப்படும் வரை கையில் இருக்காது. கிரெடிட் கார்டு கொடுங்கள்.

பெருங்காயம்:
குக்கருக்கு முன்னால் அடுப்பைக் கேளுங்கள். கருப்புக் கண்ணாடி அடுப்பு இரண்டு வகை, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இண்டக்ஷன் என்றால் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டணும். சாதா அலுமினியக் குக்கரை வைத்தால் அடுப்பின் திரையில் பிழை எழுத்து மினுக்கிவிட்டு அணைந்துவிடும். செராமிக் என்றால் தட்டை அடியுள்ள எதுவும் சூடாகும், ஆனால் அணைத்த பிறகும் வெகுநேரம் சுடும். குழந்தை இருக்கிறதே, கவனம். குழியான வாணலி இரண்டிலும் உதவாது. எதுவானாலும் ஓடுகிற மாதிரி இண்டக்ஷன் அடியுள்ள 3 லிட்டர் எவர்சில்வர் குக்கர் ஒன்று போதும்.

தாளிப்பில்தான் மாட்டிக்கொள்வார்கள். பல அறைகளில் அடுப்புக்கு மேலே உள்ள விசிறி காற்றை வெளியே தள்ளாது. வடிகட்டி வழியாக இழுத்து அறைக்குள்ளேயே விடும். வாசனை கொஞ்சம் குறையும், மிளகாய் நெடி அப்படியே சுற்றும், புகை உணர்கருவி அலறும். எண்ணெய் புகைய விடாமல் மிதமான சூட்டில் கடுகைப் போட்டு மூடிவையுங்கள். படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கணும். உணர்கருவியை மட்டும் துணிகட்டி மூடிவிடாதீர்கள், ஆபத்து.

மிக்சிக்கு அடாப்டர் வேணும். அங்கே 230 வோல்ட்தான், ஆனால் பிளக் மூன்று சதுரக் கம்பி. 13 ஆம்பியர் ஃபியூஸ் உள்ளதாக வாங்குங்கள்.

சுக்குக்காப்பி:
துணி பற்றி யாரும் சொல்லலையே. துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே மெஷின் என்றால், துவைக்கும் அளவில் ஏறக்குறைய பாதிதான் உலரும். டிரம்மை நிரப்பிவிட்டு நாலு மணி நேரம் கழித்து ஈரமாகவே எடுத்து, மெஷின் கெட்டுவிட்டது என்று போன் போடுவார்கள். பாதி டிரம் போடுங்கள், ஜீன்ஸைத் தனியாக.

வைகைக்கரை:
காண்டோவை விட்டாச்சு, ஹோட்டல் உரிம இடமாகவே பார்க்கிறேன். இன்னொன்று: ஏசி அறையில் தயிர் உறையுமா?

பெருங்காயம்:
வெளியே வைத்தால் சரியாக உறையாது. பால் வெதுவெதுப்பாக இருக்கும்போது உறை ஊற்றி, அணைத்த மைக்ரோவேவுக்குள் ஒரு டம்ளர் கொதிநீரோடு வைத்துக் கதவைச் சாத்துங்கள். ராத்திரி வைத்தால் காலையில் கெட்டித் தயிர். யாரும் தெரியாமல் பட்டனைத் தட்டிவிடாதபடி சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.