மறு: ‘மென்ட்டல் ஹெல்த் பாரிட்டி’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். உடல்நோய்க்குத் தரும் காப்பீட்டைப் போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்னும் அமெரிக்க ‘மென்ட்டல் ஹெல்த் பாரிட்டி’ (பாரிட்டி – சமம்) சட்டங்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில், முன்வைக்கப்பட்ட சொற்களுக்கு என் பதில் இது.

> ‘மனநலச் சமநிலைச் சட்டம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். பொருளியலில் பாரிட்டிக்குச் சமநிலை என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது.

ஐயா, வாங்கும் திறன் சமநிலை என்று பொருளியலில் எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘மன’ என்பதை ஒட்டிச் ‘சமநிலை’ வந்தால், மனம் கலங்காமல் இருப்பதைத்தான் தமிழ் வாசகர் நினைப்பார். இந்தச் சட்டமோ நோயாளியின் மனநிலையைப் பற்றியதே அல்ல. உடல்நோய்க்கு என்ன வரம்பு வைத்திருக்கிறாயோ அதைவிடக் கடுமையான வரம்பை மனநோய்க்கு வைக்காதே என்று காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டளையிடும் சட்டம் இது. அந்தக் கட்டளை சொல்லில் தெரிய வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அமெரிக்காவில் எதைச் சமப்படுத்துவது என்பதிலேதான் முப்பது ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. 1996-இல் வந்த கூட்டரசுச் சட்டம் ஆண்டு உச்சத் தொகையையும் வாழ்நாள் உச்சத் தொகையையும் மட்டும் சமமாக்கியது. நிறுவனங்கள் தொகையில் விட்டுக்கொடுத்துவிட்டு, மருத்துவமனையில் தங்கும் நாட்களையும் மருத்துவரைப் பார்க்கும் தடவைகளையும் குறைத்துக்கொண்டன. 50 பேர் வரை வேலை பார்க்கும் இடங்களுக்கு விலக்கும் இருந்தது. அந்த ஓட்டைகளை அடைக்க மாநிலங்கள் தாமாகவே சட்டம் இயற்றின. அதிலும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. வெர்மான்ட் 1997-இல் போதைப் பழக்கச் சிகிச்சையையும் சேர்த்து விரிவாக இயற்றியது. கலிபோர்னியா 1999-இல் பெரியவர்களுக்கு ஒன்பது கடும் மனநோய்களை மட்டும் பட்டியலிட்டது. மனச்சிதைவு நோய் உள்ளே வந்தது. பெருந்துயர் நிகழ்வுக்குப் பின் வரும் மனவடு நோய் வெளியே நின்றது. 2020-இல் நிறைவேறிய புதிய சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது.

நியூயார்க்கின் சட்டத்துக்கு ஒரு சிறுவனின் பெயர். ஸ்கெனெக்டடி நகரின் திமோத்தி ஓ’கிளேர் 2001-இல், 13 வயது நிரம்பும் முன்பே, தன் உயிரை மாய்த்துக்கொண்டான். குடும்பத்துக்குக் காப்பீடு இருந்தது; மனநலச் சிகிச்சைக்கு அது போதவில்லை. மகனுக்கு அரசின் மருத்துவ உதவி கிடைப்பதற்காகப் பெற்றோர் அவனை வளர்க்கும் உரிமையையே அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. காப்பீட்டுத் தவணை கட்டிய பெற்றோருக்கு நேர்ந்தது இது. 2006-இல் கையெழுத்தான திமோத்தி சட்டம் ஆண்டுக்குக் குறைந்தது 30 நாள் உள்நோயாளிச் சிகிச்சையும் 20 தடவை புறநோயாளிச் சிகிச்சையும் தரச் சொன்னது. இப்படிக் குறைந்தபட்சத்தை நிர்ணயிப்பதும் முழுச் சமமும் ஒன்றல்ல. எனவே ‘குறைந்தபட்சக் கட்டாயக் காப்பு’ என்று ஒரு தனிச் சொல்லையும் நம் பட்டியலில் வைக்க வேண்டும். சில மாநிலங்கள் காப்பு தந்தே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. வாங்குபவரிடம் அதை ஒரு தெரிவாக முன்வைத்தால் போதும் என்றன. அதைக் ‘கட்டாய முன்வைப்பு’ எனலாம்.

இனிப் பாரிட்டிக்கு வருகிறேன். ‘சமக்காப்பீடு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்லோருக்கும் ஒரே தொகை என்று பொருள்பட இடம் இருக்கிறது. ‘நிகர்க் காப்பீடு’ என்றால் கணக்கர்களுக்கு நிகர லாபம் நினைவுக்கு வரும். ‘நிகர்நிலை’யைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. ‘ஒப்புமை’ இரண்டை ஒப்பிடுவதோடு நின்றுவிடுகிறது; சமமாக நடத்து என்ற வலு அதில் இல்லை.

என் பரிந்துரை ‘சரிநிகர்க் காப்பீடு’. இரண்டு தரப்பு உண்டு, ஒன்று மற்றொன்றுக்குக் குறைந்ததல்ல என்பதைச் சரிநிகர் என்ற சொல் உடனே உணர்த்துகிறது. உரிமை கேட்கும் குரலும் அதில் இருக்கிறது. ‘மனநலச் சரிநிகர்ச் சட்டம்’, ‘சரிநிகர் மீறல்’, ‘சரிநிகர் ஆய்வு’ என்று கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன.

> நான்-குவான்டிடேட்டிவ் லிமிட்டேஷன் = எண்ணிலா வரம்பு

இதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். ‘எண்ணிலா’ என்றால் கணக்கற்ற என்றுதான் பொருள்படும். 2008-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டத்தின் விதிகள் வரம்புகளை இரண்டாகப் பிரிக்கின்றன. நாள், தடவை, தொகை என எண்ணால் சொல்லப்படுபவை ஒரு வகை. முன் அனுமதி கேட்பது, மலிவான சிகிச்சையை முதலில் முயன்று பார் என்பது, மருத்துவத் தேவையை அளக்கும் விதம், இவையெல்லாம் இன்னொரு வகை. முன்னதை ‘எண் வரம்பு’ என்றும் பின்னதை ‘நடைமுறை வரம்பு’ என்றும் சொன்னால் யாருக்கும் புரியும். இன்று சண்டை பெரும்பாலும் இரண்டாவதில்தான். காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய, நான் மொழிபெயர்த்துக் கொடுத்த ஒரு மறுப்புக் கடிதத்தில் நாள் கணக்கே இல்லை. ‘மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை’ என்ற ஒரே வரி. பதினாறு வயது மகளை மருத்துவமனையில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் என்னிடம், “தேவையில்லை என்று எந்த டாக்டர் சொன்னார்?” என்று கேட்டார். அவர் மேல்முறையீட்டில் தாமே எழுதக்கூடிய சொற்களைத்தான் நாம் ஆக்க வேண்டும்.

மாநிலச் சட்டம் எல்லாத் திட்டங்களையும் கட்டுப்படுத்தாது என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்காமல் முதலாளியே தன் பணத்தில் செலவை ஏற்கும் திட்டங்களை 1974-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் மாநிலங்களின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறது. இவற்றுக்குத் ‘தன்னிதித் திட்டம்’ பொருந்தும் என்று நினைக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

இச்சொற்கள் அமெரிக்காவுக்கு மட்டும் உரியவையும் அல்ல. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4), உடல்நோய்க்குள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. அங்கேயும் ‘சரிநிகர்’ அப்படியே பொருந்தும்.

இலங்கை நண்பர்கள் காப்புறுதி என்றே எழுதுவார்கள். ‘சரிநிகர்க் காப்புறுதி’ என்ற வடிவத்தையும் பதிவில் இணைத்து, ‘பாரிட்டி’யைத் தேடுசொல்லாக விட்டுவைக்கலாமா? மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.