முதல்முறை பொதுக்குழுவுக்கும் நினைவுச் சொற்பொழிவுக்கும் வருகிறேன்: எதையெல்லாம் தயாராக வைக்க வேண்டும்?

சாரல்காற்று கேட்டது:

திருநெல்வேலி ஹைகிரவுண்டில் இருக்கும் மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து இப்போது சென்னையில் பிராக்டிஸ் செய்கிறேன். கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தில் ஆயுள் உறுப்பினர். இந்த வருஷம் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வரலாம் என்று இருக்கிறேன். ஞாயிறு காலை 10 மணிக்குப் பொதுக்குழு, 11.30க்கு நினைவுச் சொற்பொழிவு, பிறகு சாப்பாடு.

வீடு மாறியதால் அறிவிப்புக் கடிதம் எனக்கு வரவில்லை, வாட்ஸ்அப்பில்தான் பார்த்தேன். வாக்களிக்க விடுவார்களா? சொற்பொழிவை நடத்துவதற்காக ஒதுக்கிவைத்த அறக்கட்டளைப் பணம் எப்படி இருக்கிறது என்று கேட்கவும் ஆசை. ஹவுஸ் சர்ஜன்களையும் (படிப்பின் கடைசியில் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்கள்) இணை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவர நினைக்கிறேன். சி.எம்.இ. (தொடர் மருத்துவக் கல்வி) கிரெடிட் கிடைக்குமா? விவரம் தெரிந்த சீனியர்கள் சொல்லுங்களேன்.

குறிச்சிக்குளம்:

வாக்குரிமை உறுப்பினர் பதிவேட்டில் உள்ள பெயரை வைத்துத்தான், மேடம். கடிதம் வராததால் அது போய்விடாது. ஆனால் சங்கம் பதிவேட்டில் இருக்கும் முகவரிக்குத்தான் அனுப்பும். அதனால் இன்றே செயலாளருக்குப் புதிய முகவரி, மின்னஞ்சல், உறுப்பினர் எண் மூன்றையும் எழுதிவிடுங்கள். எண் மறந்திருந்தால் கட்டணம் கட்டிய ரசீதின் நகல் போதும். கல்யாணத்துக்குப் பிறகு பெயரோ இனிஷியலோ மாறியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாசலில் பெரும்பாலும் தகராறு வருவது இதில்தான்.

9.45க்கே வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். கோரம், அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, கணக்கிடுவது அந்தக் கையெழுத்துகளை வைத்து. நிறையப் பேர் சொற்பொழிவு நேரத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். 10 மணிக்குத் தலை எண்ணினால் கோரம் இருக்காது. அப்போது கூட்டத்தை ஒத்திவைத்துத் திரும்பக் கூட்டுவது எப்படி என்று துணைவிதியில் (சங்கத்தின் சொந்த விதிப் புத்தகம்) இருக்கும், ஒரு பிரதி வாங்கிப் படித்துவிட்டு வாருங்கள். உங்களுக்குப் பதில் இன்னொருவர் வாக்களிக்கலாமா என்பதும் அதில்தான் இருக்கும்.

உங்கள் தீர்மானம் இந்த வருஷம் நடக்காது. புதிய உறுப்பினர் வகை சேர்ப்பது துணைவிதித் திருத்தம். அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி, சிறப்புத் தீர்மானம் என்றே குறிப்பிட்டு 21 நாளுக்குக் குறையாமல் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும்; வாக்குரிமையோடு வந்திருப்பவர்களில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாமல் ஆதரவும் வேண்டும். நிறைவேறிய பிறகும் மாவட்டப் பதிவாளர் பதிவு செய்தால்தான் செல்லும். ‘தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்’ என்று கடைசியில் ஒரு வரி இருக்குமே, அதில் நுழைத்துக் கைதட்டலோடு நிறைவேற்றினால் பதிவாளர் அலுவலகத்தில் திரும்பி வரும். இந்த வருஷம் அந்த நேரத்தில் யோசனையாக மட்டும் வையுங்கள். திருத்த வாசகத்தைப் பழைய விதி, புதிய விதி என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, முன்மொழிபவர், வழிமொழிபவர் கையெழுத்தோடு செயலாளரிடம் கொடுத்தால் அடுத்த வருஷ அறிவிப்பிலேயே அச்சாகிவிடும். இணை உறுப்பினருக்கு வாக்கு உண்டா, ஹவுஸ் சர்ஜன்ஷிப் முடிந்ததும் அவர் என்ன ஆவார் என்ற இரண்டுக்கும் வாசகத்தில் பதில் இருக்க வேண்டும்.

பேட்டை_தணிக்கை:

அறக்கட்டளைக் கணக்கைப் பற்றி நீங்கள் கேட்பது மிக நல்லது. யாரும் கேட்காத கேள்வி அது.

இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் ‘அறக்கட்டளை மூலநிதி’ என்று ஒரு தொகை நிற்கும். சொத்துகள் பக்கம் அதற்கு இணையான வைப்புத்தொகை இருக்க வேண்டும். உதாரணமாக மூலநிதி 5,00,000 ரூபாய், வைப்பு 4,20,000 ரூபாய் என்று இருந்தால், மீதி 80,000 வேறு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பொதுச் செலவுக்குக் கைமாறியிருந்தால் அதைத் திருப்பிவைக்க ஒரு தேதி கேளுங்கள். 5 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 35,000 வரும். பேச்சாளரின் பயணம், தங்கல், பதக்கம், அழைப்பிதழ் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காதபோது மூலநிதியைக் கொஞ்சம் கடித்துக்கொள்வது ஒரு கெட்ட பழக்கம். அடுத்த வருஷ வட்டியும் குறையும், மறுபடியும் கடிக்க வேண்டிவரும். செலவைக் குறைக்கலாம், நன்கொடை கேட்கலாம், மூலநிதியைத் தொடக் கூடாது.

இன்னும் மூன்று இடங்களில் பணம் சத்தமில்லாமல் ஒழுகும். வைப்பு முதிர்ந்த பிறகு புதுப்பிக்காமல் சேமிப்புக் கணக்கில் கிடப்பது ஒன்று. சங்கத்தின் பான் எண் வங்கியில் இல்லாவிட்டால், வட்டியில் 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துவிடுவார்கள். மூன்றாவது, நிர்வாகிகள் மாறிய பிறகும் பழைய பொருளாளர் கையெழுத்தே வங்கியில் இருப்பது. புதுப்பிக்கப் போனால் தீர்மான நகலும், பதிவாளரிடம் மாற்றம் தெரிவித்த படிவமும் கேட்பார்கள். அது கிடைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆயுள் சந்தாவை அந்த வருஷ வருமானமாக எழுதிச் செலவழிக்கிறார்களா, நிதியில் சேர்க்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

கேள்வியைப் பக்க எண் குறிப்பிட்டு ஒரு வாரம் முன்பே எழுத்தில் அனுப்புங்கள். மேடையில் திடீரென்று கேட்டால் பொருளாளரிடம் வைப்பு ரசீது கையில் இருக்காது, ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்பதோடு நின்றுவிடும்.

வண்ணார்பேட்டை_பேராசிரியர்:

குறிச்சி அண்ணாச்சி சொன்ன நேரக் கணக்கை நானும் வலியுறுத்துவேன். பொதுக்குழு 11.30ஐத் தாண்டினால் அடிவாங்குவது சொற்பொழிவு.

கிரெடிட் விஷயம்: ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரம் என்பதுதான் கணக்கு. அமைப்பாளர்கள் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கியிருந்தால்தான் கிடைக்கும், கூட்டம் முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை. பொதுக்குழுவில் உட்கார்ந்த நேரம் கல்விக் கணக்கில் வராது. கவுன்சில் பதிவு எண்ணைக் கையோடு கொண்டுவாருங்கள்; சி.எம்.இ. பதிவுத் தாளில் தனியாகக் கையெழுத்து உண்டா என்று கேட்டுப் போடுங்கள்.

நினைவுச் சொற்பொழிவுக்குப் பிறகு வழக்கமாகக் கேள்வி நேரம் கிடையாது. விவாத அமர்வு வேறு, இது வேறு. பேச்சாளரிடம் கேட்க இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள், பொறுமையாகப் பதில் சொல்வார்கள். முன்வரிசை, யார் நினைவாக நடக்கிறதோ அவருடைய குடும்பத்துக்கு. அங்கே உட்கார வேண்டாம். அந்தக் குடும்பத்தார் வந்திருந்தால் இரண்டு நிமிஷம் போய்ப் பேசுங்கள். அவரிடம் படித்தவர்கள் வந்து பேசுவதுதான் அவர்களுக்குப் பெரிய மரியாதை.

தாமிரபரணிக்கரை:

பயணம் பற்றி மட்டும். எழும்பூரில் இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் திருநெல்வேலி ஜங்ஷன். அங்கிருந்து ஆற்றுப்பாலம் தாண்டி வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி வழியாக ஹைகிரவுண்ட், ஆட்டோ கிடைக்கும். பஸ்ஸில் வந்தால் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்க வேண்டும். விமானம் என்றால் தூத்துக்குடி வாகைகுளம். ஞாயிறு இரவு திரும்பும் டிக்கெட்தான் கஷ்டம், 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறக்கும் அன்றே போட்டுவிடுங்கள். காரில் வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் பாதையில் நிறுத்தாதீர்கள், ஞாயிறும் ஆம்புலன்ஸ் வந்துகொண்டேதான் இருக்கும். சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று முன்பே சொல்லுங்கள். சொதியும் இஞ்சித் துவையலும் போட்டால் ஆள் கணக்குத் தப்பும்.

சாரல்காற்று:

எல்லாருக்கும் நன்றி. திருத்தத்தை அடுத்த வருஷத்துக்கே வைத்துக்கொள்கிறேன். எழுத்தில் கேட்ட கேள்விக்கான பதில் மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) வருமா?

பேட்டை_தணிக்கை:

தானாக வராது, மேடம். பதில் சொல்லி முடித்ததும் எழுந்து, ‘கேள்வியும் பதிலும் குறிப்பில் பதிவாகட்டும்’ என்று தலைவரிடம் கேளுங்கள். அடுத்த வருஷம் முதல் பொருளே போன கூட்டத்தின் மினிட்ஸை உறுதிசெய்வதாக இருக்கும். விட்டுப்போயிருந்தால் உறுதிசெய்வதற்கு முன் அங்கேயே சொல்லித் திருத்த வேண்டும்.