புதிய 10 மீட்டர் டிரான்ஸ்சீவரில் என்ன வேண்டும்?

கேள்வி: பொதுமக்கள் குறுந்தூரம் பேசப் பயன்படுத்தும் சிபி ரேடியோவின் வடிவில், அமெச்சூர் வானொலியின் 10 மீட்டர் பட்டையான 28 முதல் 29.7 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் ஏற்றுமதி வகை டிரான்ஸ்சீவர் (அனுப்பவும் பெறவும் உதவும் வானொலிக் கருவி) ஒன்று புதிதாக வந்தால், அதில் நீங்கள் முதலில் எதிர்பார்ப்பது எது?

மறுமொழி 1: அலைவெண் நிலைத்தன்மைதான். எஸ்எஸ்பி என்னும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் குரலைச் சுமக்கும் சுமப்பலை அனுப்பப்படுவதில்லை என்பதால், கருவி சூடேறி 100 ஹெர்ட்ஸ் நகர்ந்தாலே குரல் திரிந்துவிடுகிறது. என் பழைய கருவியில் பேச்சின் நடுவே, அலைவெண்ணை நுணுக்கமாகச் சரிசெய்யும் கிளாரிஃபையரைத் திருப்பித் திருப்பியே சலித்துப்போனேன்.

மறுமொழி 2: வாட் எண்ணிக்கையைவிட வெளியீட்டின் தூய்மையே எனக்கு முக்கியம். திறனை இருமடங்காக்கினாலும் 3 டெசிபல், அதாவது சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் அரைப் புள்ளிதான் கூடும். வடிகட்டி சரியில்லையென்றால் இரண்டாம் ஒத்திசை (இருமடங்கு அலைவெண்ணில் எழும் வேண்டாத அலை) 56 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கசிந்து பிறருக்குத் தொல்லை தரும்.

மறுமொழி 3: சிக்னலைப் பெற்று மறுபடி அனுப்பும் எஃப்எம் ரிப்பீட்டர்களுக்காக, அனுப்பும் அலைவெண்ணுக்கும் பெறும் அலைவெண்ணுக்கும் நடுவே 100 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியும், ரிப்பீட்டரைத் திறக்கும் சிடிசிஎஸ்எஸ் தொனியும் அவசியம் இருக்க வேண்டும்.