சிக்குன்குனியா வந்த மூட்டுக்கு எடை தூக்கலாமா?

பாளை பையன்:
அண்ணாச்சிமாரே, அக்காமாரே ஒரு சந்தேகம். அம்மாவுக்கு ஐப்பசி மழையில சிக்குன்குனியா வந்துது, காய்ச்சல் ஒரு வாரத்துல விட்டுட்டு, மூட்டு வலிதான் இன்னும் விட மாட்டேங்கு. பீடி சுத்துதவங்க, காலைல எல வெட்டுத கத்திரிக்குள்ள விரலே நுழைய மாட்டேங்கு, சொளவ மடியில வச்சிட்டு சும்மா உக்காந்திருக்காங்க. பிசியோ பாக்கவரு சின்ன எடையா தூக்கி பயிற்சி செய்யணும்ங்காரு, பக்கத்து வீட்டு மதினி அசைக்கவே கூடாதுங்காவ. யாரு சொல்லுதத கேக்க?

நெல்லை பிசியோ:
தம்பி, மொதல்ல மூட்ட தொட்டுப் பாருங்க. வீங்கி சூடா இருந்தா அந்த மூட்டுக்கு இப்ப எடை வேண்டாம், மெதுவா மடக்கி நீட்டுனா போதும். வெறும் இறுக்கம்தான்னா தாராளமா செய்யலாம். வலிக்குன்னு அசைக்காமயே வச்சிருந்தா தசை கரைஞ்சிரும், பெறவு பாரம் பூரா மூட்டுலதான் விழும். நாற்காலிய சுவரோட ஒட்டிப் போட்டு கை ஊணாம உக்காந்து எந்திரிக்கது, சுவத்துல கை வச்சு தள்ளுதது, அரை லிட்டர் தண்ணி பாட்டில தூக்குதது, எட்டு பத்து தடவ, ஒருநாள் விட்டு ஒருநாள். விடிஞ்சதும் வேண்டாம், வெந்நீர்ல குளிச்சு இறுக்கம் விட்டப்புறம். லேசா வலிச்சா பரவால்ல, மறுநாள் காலைல வலி கூடியிருந்தா பாதியா கொறைச்சிருங்க.

அம்பை அக்கா:
2006ல எங்க தெருவே இப்படித்தான் சுவத்த பிடிச்சு நடந்துச்சு. நானும் பீடிதான். ஈரத் துண்ட முறுக்கிப் பிழிஞ்சு பிழிஞ்சுதான் எனக்கு பிடி வந்துது. கத்திரி வளையத்துல துணி சுத்திக் குடுங்க, விரல் அறுக்காது. சும்மா கஞ்சியே குடுக்காம முட்டை, பயறுன்னு குடுங்க.

மேலப்பாளையத்தான்:
ஒண்ணு மட்டும் சொல்லிக்கிடுதேன், இது மூட்டு வலிக்கு சரி. எனக்கு கொரோனாவுக்கு அப்புறம் வலி கெடையாது, அசதி. ஜிம்ல ஒருத்தரு தள்ளு தள்ளுன்னாரு, செய்யும்போது நல்லாத்தான் இருக்கும், மறுநாளோ அதுக்கு மறுநாளோ பாயவிட்டு எந்திரிக்க முடியாது. அப்படி ஆளு தம் கட்டி பயிற்சிய கூட்டிக்கிட்டே போகக் கூடாது, உலக சுகாதார நிறுவனமே சொல்லிருக்கு. நெஞ்சு வலி, படபடப்பு இருந்தா டாக்டர பாத்த பெறவுதான் எதுவும்.

பாளை பையன்:
அசதி அவ்வளவு இல்ல. விரல்ல வீக்கம் இல்ல, வலது கணுக்கால் மட்டும் சூடா புஸ்ஸுனு இருக்கு அண்ணாச்சி.

நெல்லை பிசியோ:
அப்ப கைக்கு ஆரம்பிங்க, உக்காந்து எந்திரிக்கது இப்ப வேண்டாம். மூணு மாசம் தாண்டியும் வீக்கம் நின்னா மூட்டுவாத டாக்டர்ட்ட காட்டுங்க, சிலருக்கு இது சரவாங்கி, அதான் முடக்குவாதம், மாதிரியே இழுக்கும், ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. அது வரைக்கும் மெடிக்கல்ல கேட்டு ஸ்டீராய்டு வாங்கிக் குடுத்திராதீங்க.