வடக்கே போனால் மட்டும் சாமியாடிய ரோபோ

மொட்டை மாடியில் நேர்கோட்டில் ஓட வேண்டும், என் ரோபோவுக்கு அவ்வளவுதான் வேலை. மூளையாக ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, மேலே ஒரு காம்பஸ் சென்சார்: வடக்கை 0 என்று வைத்து, வலப்பக்கமாக 359 டிகிரி வரை திசையைச் சொல்லும். கிழக்கே விட்டால் நூல் பிடித்தது போலப் போகும். தெற்கும் மேற்கும் அப்படியே. வடக்கே விட்டால்தான் வினை: நாலடி போகும், நின்ற இடத்திலேயே ஒரு முழு வட்டம் அடிக்கும், மறுபடி நாலடி.

மோட்டாரின் காந்தம் என்று நினைத்து சென்சாரை ஓரடிக் குச்சியில் ஏற்றினேன். அப்புறம் தளத்துக்குள் இருக்கும் கம்பிமேல் சந்தேகம். இரண்டு வாரம் போன பிறகுதான் எண்களைத் திரையில் ஓடவிட்டுப் பார்க்கும் புத்தி வந்தது. இலக்கு 1, நடப்பு 359, வித்தியாசம் -358. வலப்பக்கம் இரண்டே டிகிரி திரும்ப வேண்டியது, இடப்பக்கமாக ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

சரி என்று (இலக்கு - நடப்பு + 180) % 360 - 180 என்று எழுதி (% என்றால் வகுத்தபின் வரும் மீதி), பைத்தானில் சோதித்தேன். 2 வந்தது. அதையே ஆர்டுயினோவில் போட்டால் பழையபடி -358! பைத்தானில் -178 % 360 என்றால் 182. ஆர்டுயினோவில் ஓடும் சி வகை மொழியிலும், ஜாவா, ஜாவாஸ்கிரிப்டிலும் -178 அப்படியே நிற்கும். அடைப்புக்குறிக்குள் இருந்த 180-ஐ 540 ஆக்கினேன். இரு திசைகளும் 0-க்கும் 359-க்கும் உள்ளேயே இருப்பதால், மீதி எடுக்கும் இடத்தில் மைனஸ் வர வழியில்லை. ஆட்டம் நின்றது.

உங்களில் யாருக்கெல்லாம் வடக்கு இப்படி வேலை காட்டியது?

பதில்:
எனக்கு வடக்கு சும்மா இருந்தது, தெற்குதான் படுத்தியது. ஆண்ட்ராய்டு ஆப். அங்கே திசைக்கோணம் ரேடியனில் -பையிலிருந்து +பை வரை (டிகிரியில் -180 முதல் +180) வரும், அதாவது எண் சட்டென்று தாவும் இடம் தெற்கு. முள் நடுங்காமல் இருக்கச் சராசரி எடுத்தேன். 179-க்கும் -179-க்கும் சராசரி 0. தெற்கே பார்த்து நிற்கிறேன், முள் வடக்கு என்கிறது. கோணத்தைச் சராசரி எடுப்பதை விட்டுவிட்டு சைன், கோசைன் இரண்டையும் தனித்தனியே கூட்டி, அவற்றிலிருந்து கோணத்தைத் திருப்பித் தரும் ஏடான்2-வில் கொடுத்ததும் முள் அடங்கியது. அதிலும் முதலில் கோசைனைக் கொடுத்து ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன். சைன்தான் முதலில்.

பதில்:
நான் இவ்வளவு தூரம்கூடப் போகவில்லை அண்ணா. வடக்கைப் பிடிக்க "340-க்கு மேல், 20-க்குக் கீழ்" என்று ஒரே இஃப்-இல் இரண்டையும் 'மற்றும்' போட்டுக் கட்டினேன். அப்படி ஓர் எண் உலகத்திலேயே கிடையாது. ரிவ்யூவில் மூன்று பேர் பார்த்து ஓகே சொன்னார்கள்.

தொடங்கியவர்:
ஹா ஹா, மூன்று பேருமா! ஒன்று சொல்ல மறந்தேன். 540 போட்ட பிறகும், ரோபோவை இலக்குக்கு நேர் எதிராக வைத்தால் நின்ற இடத்திலேயே உதறும். வித்தியாசம் 179 என்றால் விடை +179, 181 என்றால் -179. சென்சார் ஒரு டிகிரி ஆடினாலும் வலமா இடமா என்று தீர்ப்பு மாறிவிடும். இப்போது 170-ஐத் தாண்டினால், கடைசியாகத் திரும்பிய பக்கமே திரும்பு என்று எழுதி வைத்திருக்கிறேன்.